பன்னிரண்டு கட்டம், பதினான்கு பெயர்: இஸ்ரவேல் கோத்திரங்களில் யாரை விடுவது?

மல்லிகை டீச்சர்:
வணக்கம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு சார்ட் தயார் செய்கிறேன். ஸ்கேல் வைத்து மூன்றுக்கு நான்கு என்று பன்னிரண்டு கட்டம் போட்டுவிட்டு, பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இஸ்ரவேல் என்று பெயர் பெற்ற யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கோத்திரம், சரி. ஆனால் யோசுவா புத்தகத்தில் நிலம் பிரிக்கும்போது லேவிக்குப் பங்கில்லை. யோசேப்பு என்ற பெயருக்குப் பதிலாக அவருடைய பிள்ளைகள் எப்பிராயீமும் மனாசேயும் வருகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 7க்கு வந்தால் லேவி திரும்பிவிடுகிறார், யோசேப்பும் மனாசேயும் இருக்கிறார்கள், எப்பிராயீமையும் தாணையும் காணோம். எல்லாரையும் சேர்த்தால் பதினான்கு பெயர். கட்டமோ பன்னிரண்டு.

போன வருடமே ஒரு பொடியன் "டீச்சர், தாண் என்ன தப்பு செஞ்சான்?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். இன்னும் சொல்லவில்லை. எந்தப் பட்டியலை எழுதுவது?

குறுக்குக்கேள்வி:
இன்னொரு சார்ட் வாங்கிப் பதினான்கு கட்டம் போடுங்கள் டீச்சர். பத்து ரூபாய்தானே.

பனைநிழல்:
தம்பி விளையாட்டாகச் சொல்கிறார், ஆனால் வேதாகமம் அந்தப் பதினான்காவது கட்டத்தை எங்குமே போடவில்லை என்பதுதான் விஷயம். பெயர்கள் மாறும், எண்ணிக்கை அநேகமாக மாறாது.

எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஆதியாகமம் 48ல் யாக்கோபு கண் மங்கிப் படுக்கையில் இருக்கிறார். யோசேப்பு தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவருகிறார். "ரூபனையும் சிமியோனையும் போல இவர்களும் என் பிள்ளைகள்" என்று தாத்தா பேரன்களைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். ஆசீர்வதிக்கும்போது வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையிலும் இடது கையை மூத்தவன் மனாசே தலையிலும் குறுக்காக வைக்கிறார். யோசேப்பு கையைப் பிடித்து மாற்றப் பார்க்கிறார், கிழவர் விடவில்லை. இதனால் யோசேப்புக்கு இரட்டைப் பங்கு. பதின்மூன்று ஆகிவிட்டது.

அப்புறம் சீனாய் வனாந்தரத்தில் மக்கள்தொகைக் கணக்கு. எண்ணாகமம் 1ல் யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் 6,03,550 பேர். அதில் லேவியை எண்ண வேண்டாம் என்று கட்டளை. லேவியர் வழிபாட்டுக் கூடாரத்தைச் சுமப்பார்கள், இறக்குவார்கள், காவல் இருப்பார்கள். பட்டாளத்துக்கும் இல்லை, நிலத்துக்கும் இல்லை. ஆக மறுபடி பன்னிரண்டு. நிலத்துக்குப் பதிலாக மற்றவர்கள் எல்லைக்குள்ளே 48 ஊர்களும், மற்றவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கும். அந்த 48ல் ஆறு ஊர் அடைக்கலப் பட்டணங்கள்: கைப்பிசகாக ஒருவனைக் கொன்றவன் பழிவாங்குபவனிடமிருந்து தப்பி ஓடிப் பிழைக்கும் இடம்.

டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் போடலாம். எண்ணாகமம் 3ன்படி தலைப்பிள்ளைகள் எல்லாரும் கர்த்தருக்குச் சொந்தம். அவர்களுக்கு ஈடாக லேவியர் வருகிறார்கள். தலைப்பிள்ளைகள் 22,273, லேவியர் 22,000. மிச்சம் 273 பேருக்கு ஆள் ஒன்றுக்கு ஐந்து சேக்கல் கட்டி மீட்க வேண்டும். மொத்தம் எவ்வளவு? 1,365. அதே தொகை வசனத்திலும் இருக்கிறது. இன்றைக்கும் யூதர் வீடுகளில் முதல் பிள்ளை ஆணாகப் பிறந்தால், முப்பது நாள் கழிந்ததும் ஒரு கோஹேனிடம், அதாவது ஆரோன் வழிவந்த ஆசாரியரிடம், ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து மீட்கிற சடங்கு உண்டு. லேவி, கோஹேன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

சொல்லாய்வு:
'கோத்திரம்' என்ற சொல் பற்றி ஒரு சிறு குறுக்கீடு. புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பில் கோத்திரம், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் குலம். நம் காதுக்குக் கோத்திரம் என்றதும் ஒரே கோத்திரத்துக்குள் பெண் எடுக்கக் கூடாது என்பதுதான் ஞாபகம் வரும். இங்கே நேர்மாறு. செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஐவரும் மோசே முன்னால் வந்து "எங்கள் அப்பா பெயர் ஏன் அழிய வேண்டும், எங்களுக்கும் காணி கொடுங்கள்" என்று கேட்டு வாங்குகிறார்கள். உடனே ஊர்ப்பெரியவர்களுக்குக் கவலை: இவர்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் போய்விடுமே? ஆகவே எண்ணாகமம் 36ல் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யச் சொல்லித் தீர்ப்பு. காரணம் நிலம்தான், இரத்தத் தூய்மை என்ற பேச்சே அங்கே இல்லை.

எபிரேயத்தில் கோத்திரத்துக்கு இரண்டு சொற்கள்: ஷேவெத், மத்தே. இரண்டுக்கும் மூலப்பொருள் கோல், தடி. செங்கோல் யூதாவை விட்டு நீங்காது என்று யாக்கோபு சொல்கிற இடத்தில் இருப்பதும் ஷேவெத். எண்ணாகமம் 17ல் கோத்திரத் தலைவர்கள் ஆளுக்கொரு கோலில் பெயர் எழுதிக் கூடாரத்தில் வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் லேவி கோத்திரத்தின் கோல், அதாவது ஆரோனுடையது மட்டும் துளிர்த்துப் பூத்து வாதுமை காய்த்திருக்கிறது. அங்கே கோலுக்கும் கோத்திரத்துக்கும் ஒரே சொல், மத்தே. எபிரேயம் படிப்பவனுக்கு அந்தச் சிலேடை உடனே கிடைக்கும், நமக்கு 'கோத்திரம்' அதை மறைத்துவிடுகிறது. கோல் வைத்திருப்பவனுக்குப் பின்னால் நடக்கிற கூட்டம் என்று எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரி.

ஐயப்பாடு:
எல்லாம் சரி, ஆனால் அநேகமாக மாறாது என்பதை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது, ஐயா. நியாயாதிபதிகள் 5, தெபொராள் பாட்டு. வேதாகமத்திலேயே மிகப் பழைய பகுதிகளில் ஒன்று என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கானானியப் படைத்தலைவன் சிசெராவோடு நடந்த சண்டைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அந்த அம்மா பெயர் பெயராகச் சொல்லி மானத்தை வாங்குகிறார். ரூபன் தொழுவத்தில் உட்கார்ந்து ஆட்டுமந்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தானாம். தாண் கப்பல் பக்கத்திலேயே இருந்துவிட்டானாம். ஆசேர் கடற்கரையை விட்டு அசையவில்லையாம். எண்ணிப் பாருங்கள், மொத்தம் பத்துப் பெயர். யூதா இல்லை, சிமியோன் இல்லை, லேவி இல்லை. வராததற்குக்கூட யூதாவைத் திட்டவில்லை, அந்தப் பாட்டுக்கு யூதா என்று ஒருவர் இருப்பதே தெரியாது போல. மனாசேக்குப் பதில் மாகீர், காத்துக்குப் பதில் கீலேயாத்.

ஆக, பன்னிரண்டு என்பது பின்னால் வந்த ஒழுங்கு. இஸ்மவேலுக்கும் பன்னிரண்டு பிரபுக்கள், நாகோருக்கும் பன்னிரண்டு பிள்ளைகள், சாலொமோனுக்கும் அரண்மனைச் சாப்பாட்டுக்கு மாதம் ஒருவராகப் பன்னிரண்டு மணியகாரர். 1930ல் மார்ட்டின் நோத் என்ற ஜெர்மன் அறிஞர், கிரேக்க ஊர்கள் ஒரு கோயிலைச் சுற்றிச் சேர்ந்ததைப் போல இந்தக் கோத்திரங்களும் ஒரு பொதுச் சந்நிதியை முறை வைத்துப் பராமரித்த கூட்டணி என்றார். சில பத்தாண்டுகள் எல்லாரும் அதையே சொன்னார்கள், பிறகு ஆதாரம் போதவில்லை என்று கைவிட்டார்கள்.

பனைநிழல்:
தெபொராள் பாட்டை மறந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோத்திரங்களே பிற்காலக் கற்பனை என்று சொல்ல வருகிறீர்களா?

ஐயப்பாடு:
இல்லை. எண்ணிக்கை வேறு, மக்கள் வேறு. எகிப்து மன்னன் மெர்நெப்தாவின் கல்வெட்டு, சுமார் கி.மு. 1208. 1896ல் எகிப்தின் தீப்ஸில் பெட்ரி என்ற அகழ்வாய்வாளர் கண்டெடுத்தார். அதில் இஸ்ரவேல் என்ற பெயர் வருகிறது. பக்கத்தில் உள்ள ஊர்ப்பெயர்களுக்கு நாட்டைக் காட்டும் குறி, இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள்கூட்டத்தைக் காட்டும் குறி. அப்புறம் மோவாப் ராஜா மேசாவின் கல், கி.மு. 9ஆம் நூற்றாண்டு, இப்போது பாரிஸ் லூவரில் இருக்கிறது. "காத்தின் மனிதர் அதரோத் நாட்டில் ஆதிமுதல் குடியிருந்தார்கள்" என்று எதிரியே எழுதி வைத்திருக்கிறான். எண்ணாகமம் 32ம் அதரோத்தைக் காத்துக்குத்தான் கொடுக்கிறது.

எனக்குப் பிடித்தது சமாரியாவில் 1910ல் கிடைத்த பானை ஓட்டுத் துண்டுகள். நூற்றுக்கும் மேல். கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கணக்கு. இத்தனையாம் வருடம், இன்ன ஊரிலிருந்து, ஒரு சாடி பழைய திராட்சரசம் அல்லது ஒரு சாடி எண்ணெய், அவ்வளவுதான் எழுதியிருக்கும். நம்ம ஊர் அரிசி மண்டிச் சீட்டு மாதிரி. அதில் வரும் வட்டாரப் பெயர்களைப் பாருங்கள்: அபியேசர், செமீதா, ஏலேக்கு. எல்லாம் மனாசே கோத்திரத்து வம்சப் பெயர்கள். அதோடு நோவா, ஒக்லா. சொல்லாய்வு சொன்ன அந்த ஐந்து பெண்களில் இரண்டு பேர்! அப்பா பெயர் அழியக் கூடாது என்று கேட்டவர்களின் பெயர், சில நூற்றாண்டு கழித்து எண்ணெய்ச் சாடிக் கணக்கில் ஊர்ப்பெயராக இருக்கிறது.

சொல்லாய்வு:
இது எனக்குத் தெரியாது. நன்றி.

காயல் வாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆனிலும் இந்தப் பன்னிரண்டு உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். சூரா அல்-அஃராஃப் 160: அவர்களைப் பன்னிரண்டு கூட்டங்களாகப் பிரித்தோம் என்று வருகிறது. மூஸா நபி, உங்கள் மோசே, கைத்தடியால் பாறையில் அடித்ததும் பன்னிரண்டு ஊற்றுகள் பீறிட்டன, ஒவ்வொரு கூட்டமும் தங்கள் தண்ணீர்த்துறையை அறிந்துகொண்டது. அல்-மாயிதாவில் பன்னிரண்டு தலைவர்களும் வருகிறார்கள். கோத்திரங்களுக்கு அரபியில் அஸ்பாத். ஆனால் பன்னிரண்டு பெயரையும் எங்கும் பட்டியல் போடவில்லை. டீச்சருக்கு வந்த சிக்கல் எங்கள் மதரஸா உஸ்தாதுக்கு வந்திருக்காது!

மல்லிகை டீச்சர்:
காயல் பாய், பொறாமையாக இருக்கிறது. ஆளுக்கொரு தண்ணீர்த்துறை என்பது அழகு. சரி, யாராவது தாணுக்கு வாருங்கள்.

பனைநிழல்:
தாண் கதை நீளமானது. அவர்களுக்குக் கிடைத்த இடம் மேற்கே, பெலிஸ்தர் பக்கம். சிம்சோன் தாண்காரன்தான். அங்கே கால் ஊன்ற முடியவில்லை. நியாயாதிபதிகள் 18ல் அறுநூறு பேர் ஆயுதம் கட்டிக்கொண்டு வடக்கே போகிறார்கள். வழியில் மீகா என்பவன் வீட்டில் வைத்திருந்த விக்கிரகத்தையும் அவனுக்குப் பூசை செய்த வாலிபனையும் சேர்த்தே தூக்கிக்கொள்கிறார்கள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருந்த லாயீஸ் ஊரை எரித்துவிட்டு, அங்கே குடியேறி தாண் என்று பெயர் வைக்கிறார்கள்.

அந்தப் பூசாரி யார் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. யோனத்தான், கெர்சோமின் மகன், மோசேயின் பேரன். எபிரேயச் சுருளில் அந்த இடத்தில் 'மோசே' என்ற பெயருக்கு நடுவே ஒரு 'நூன்' எழுத்தை வரிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு 'மனாசே' என்று படிக்கிற மாதிரி எழுதுவார்கள். மோசேயின் பேரன் விக்கிரகப் பூசாரி என்று எழுத எழுத்தனுக்கு மனம் வரவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அதனால்தான் சில மொழிபெயர்ப்புகளில் மோசே, சிலவற்றில் மனாசே என்று இருக்கிறது.

பிற்பாடு ராஜ்யம் பிரிந்ததும் யெரொபெயாம் இரண்டு பொன் கன்றுக்குட்டி செய்கிறான். ஒன்று பெத்தேலில், இன்னொன்று இதே தாணில். பெயர் கெட்டுவிட்டது. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரேனியு என்ற சபைப் பிதா, எரேமியா 8ஐ வைத்து அந்திக்கிறிஸ்து தாண் கோத்திரத்திலிருந்து வருவான், அதனால்தான் வெளிப்படுத்தல் பட்டியலில் தாண் இல்லை என்று எழுதினார். பலர் அதையே இன்றும் பிரசங்கம் செய்கிறார்கள்.

எனக்கு அது ஒப்பவில்லை. வெளிப்படுத்தல் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அதோடு எசேக்கியேல் 48ஐப் பாருங்கள். வருங்கால தேசத்தில் பங்கு பிரிக்கும்போது முதல் பங்கே தாணுக்குத்தான். அதே அதிகாரத்தின் முதல் பாதியில் நிலப்பங்கு: எப்பிராயீம், மனாசே உண்டு, லேவிக்குத் தனி இடம். கடைசிப் பகுதியில் பட்டணத்து வாசல்கள்: அங்கே யோசேப்பு ஒரே வாசல், லேவிக்கு ஒரு வாசல், தாணுக்கும் ஒரு வாசல். ஒரே அதிகாரத்தில் இரண்டு விதமாகப் பன்னிரண்டு! எழுதியவருக்கு அதில் முரண்பாடே தோன்றவில்லை. நிலம் என்றால் ஒரு பட்டியல், பெயர் என்றால் இன்னொன்று.

குறுக்குக்கேள்வி:
அப்போ காணாமல்போன கோத்திரம் என்று யூடியூபில் காட்டுவதெல்லாம்? பத்துக் கோத்திரமும் காஷ்மீரில் இருக்கிறது, ஜப்பானில் இருக்கிறது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஐயப்பாடு:
பெரும்பாலும் கதை. அந்தப் பத்துக் கோத்திரத்து வட ராஜ்யத்தின் தலைநகர் சமாரியா விழுந்தது கி.மு. 722 வாக்கில். அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் சமாரியாவிலிருந்து 27,290 பேரைக் கொண்டுபோனதாகச் சொல்கிறான். பெரிய தொகைதான், ஆனால் ஒரு நாடே காலியாகிற தொகை இல்லை. கொஞ்சம் பேர் தெற்கே யூதாவுக்கு ஓடியிருக்கிறார்கள். எருசலேம் அந்தக் காலத்தில் திடீரென்று வீங்கியதை அகழ்வாய்வு காட்டுகிறது. மீதிப் பேர் அங்கேயே இருந்தார்கள். சமாரியர் இன்றைக்கும் கெரிசீம் மலையிலும் ஹோலோனிலும் சில நூறு பேர் இருக்கிறார்கள், ஆயிரத்தைத் தாண்டாது. தாங்கள் எப்பிராயீம், மனாசே, லேவி என்கிறார்கள். பஸ்காவுக்கு மலைமேல் ஆடு பலியிடுகிறார்கள்.

பனைநிழல்:
புதிய ஏற்பாட்டிலேயே விடை இருக்கிறது. லூக்கா 2ல் குழந்தை இயேசுவைப் பார்க்கிற அன்னாள் கிழவி ஆசேர் கோத்திரத்தாள். 'காணாமல்போன' பத்தில் ஒன்று! பவுல் தன்னைப் பென்யமீன் கோத்திரத்தான் என்று பெருமையோடு சொல்கிறார்.

மலையேறி:
நான் சில வருடம் ஐஸ்வாலில் வேலை பார்த்தேன். அங்கே பிநேய் மெனாஷே, அதாவது மனாசேயின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் மிசோ, குக்கி மக்களைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சுக்குப் போகும், என் பக்கத்துத் தெருக் குடும்பம் மட்டும் வெள்ளி சாயங்காலமே அடுப்பை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, தலையில் குல்லாவோடு உட்கார்ந்திருக்கும். அவர்கள் பழைய பாட்டுகளில் மன்மாசி என்று ஒரு மூதாதை வருவார். அது மனாசேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. 2005ல் இஸ்ரேலின் செஃபார்டிக் (ஸ்பெயின் மரபு யூதர்) பிரிவின் தலைமை ரபி, அதாவது தலைமை யூத மதகுரு, ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரவேல் சந்ததி என்று ஏற்றார். ஆனாலும் அவர்கள் முறைப்படி மதம் மாறவும் வேண்டும். ஐயப்பாடு ஆதாரம் கேட்பார், என்னிடம் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் தாத்தா பெட்டி கட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

ஐயப்பாடு:
கேட்கமாட்டேன். தாணுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. எத்தியோப்பியாவின் பெத்தா இஸ்ரவேல் மக்கள். 1973ல் ரபி ஓவாதியா யோசேப், 16ஆம் நூற்றாண்டு ரபி ஒருவரின் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டி, அவர்கள் தாண் கோத்திரத்தார் என்று முடிவு சொன்னார். 1975ல் குடியேறும் உரிமை கிடைத்தது. 1991 மே மாதம், அடிஸ் அபாபாவிலிருந்து 36 மணி நேரத்தில் 14,000க்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுபோனார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்ட ஒரு ஜம்போவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். வரலாற்றுப்படி அவர்கள் தாண்தானா என்பதில் எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பெயர்தான் கதவைத் திறந்தது, அதில் சந்தேகம் இல்லை. திறந்த கதவும் முழுசாகத் திறக்கவில்லை: சடங்காக ஒரு மதமாற்றம் செய்துகொள் என்று கேட்டதற்கு 1985ல் அவர்கள் தலைமை ரபி அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து போராடினார்கள்.

காயல் வாசி:
இன்றைக்குச் சாதாரண யூதர் ஒருவருக்குத் தன் கோத்திரம் தெரியுமா?

சொல்லாய்வு:
பெரும்பாலும் தெரியாது பாய். மிஞ்சியது மூன்று பிரிவு: கோஹேன், லேவி, மற்ற எல்லாரும் இஸ்ரவேல். ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க முதலில் கோஹேன், இரண்டாவது லேவி, மூன்றாவதுதான் மற்றவர். கோஹேன் விவாகரத்தான பெண்ணைக் கட்டக் கூடாது, மயானத்துக்குள் போகக் கூடாது. நிலமே கொடுக்கப்படாத கோத்திரம்தான் தன் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது. நிலம் வாங்கியவர்கள் பெயரை நிலத்தோடு விட்டுவிட்டார்கள்.

பனைநிழல்:
அதில் ஒரு கசப்பும் உண்டு. ஆதியாகமம் 49ல் யாக்கோபு சிமியோனையும் லேவியையும் ஒரே மூச்சில் சபிக்கிறார், சீகேமில் செய்த கொலைகளுக்காக. "யாக்கோபிலே பிரிந்துபோகவும் இஸ்ரவேலிலே சிதறவும் பண்ணுவேன்." இரண்டு பேரும் சிதறினார்கள். லேவி ஆசாரியனாகச் சிதறினான். சிமியோன் யூதாவுக்குள் கரைந்தே போனான். முதல் கணக்கில் 59,300 பேர், இரண்டாம் கணக்கில் 22,200. உபாகமம் 33ல் மோசே ஆசீர்வதிக்கும்போது சிமியோன் பெயரே வரவில்லை. சிமியோன் என்ன தப்பு செஞ்சான் என்று எந்தப் பொடியனும் கேட்பதில்லை, பாருங்கள்.

மல்லிகை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. கட்டம் போட்ட சார்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். பின்பக்கத்தில் எண்ணாகமம் 2ல் இருக்கிற பாளயம் வரைந்தேன். நடுவில் கூடாரம், அதைச் சுற்றி மஞ்சள் ரிப்பனில் லேவி, வெளியே பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு. லேவிக்குக் கட்டம் தேவைப்படவில்லை. யோசேப்பு பெயரை எப்பிராயீம், மனாசே இரண்டுக்கும் மேலே ஒரு தோரணமாக எழுதினேன். பதினான்கு பெயரும் வந்துவிட்டது.

அந்தப் பொடியன் இந்த வருடமும் வந்திருந்தான். பாளயம் புறப்படுகிற மாதிரி பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டேன். எண்ணாகமம் 10ல் தாணின் கொடிதான் எல்லாப் பாளயத்துக்கும் பின்னணிப் படை என்று இருக்கிறது. அவனுக்குத் தாண் கொடி கொடுத்து, பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள் என்றேன். சின்ன வகுப்புக் குழந்தை ஒன்று செருப்பு கழன்று நின்றுவிட்டது. அவன் கொடியைக் கீழே வைத்துவிட்டு அதற்குச் செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். மற்ற பதினொரு கோத்திரமும் சர்பத் குடித்து முடித்திருந்தது. சார்ட் போட்டோவை இணைத்திருக்கிறேன்.

பனைநிழல்:
நன்றாக இருக்கிறது டீச்சர். ஒன்று மட்டும்: பென்யமீனை வடக்கே ஒட்டியிருக்கிறீர்கள். பென்யமீன் மேற்கு, எப்பிராயீம் மனாசேயோடு. வடக்கில் தாண், ஆசேர், நப்தலி.

மல்லிகை டீச்சர்:
ஐயோ. பெவிகால் காய்ந்துவிட்டதே ஐயா.